தேடுசொல் தேர்வில் வட்டார வழக்கின் இடம்: பாலக்காடு, இடுக்கி எல்லைப்புற விளைபொருட் பெயர்களை முன்வைத்து ஓர் ஆய்வு

1.0 முன்னுரை

கேரள மாநிலத்தின் பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களும் தமிழ்நாட்டின் கோயம்புத்தூர், திருப்பூர், தேனி முதலிய மாவட்டங்களை எல்லையாகக் கொண்டவை. பாலக்காட்டின் சிற்றூர் வட்டத்திலும், இடுக்கியின் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களிலும் தமிழ் பேசுவோர் பெருமளவில் வாழ்கின்றனர். இப்பகுதிகளில் விளையும் ஏலக்காய், மிளகு, பூண்டு, அரிசி, கரும்பு வெல்லம் முதலியன வாளையாறு, சின்னாறு, போடிமெட்டு, குமுளி ஆகிய வழிகளில் தமிழகச் சந்தைகளை நெடுங்காலமாக அடைந்து வருகின்றன. இன்று இவை இணையத்தின் வாயிலாகவும் விற்கப்படுகின்றன.

சந்தையில் பொருளைக் கண்டு, கையில் எடுத்து, முகர்ந்து பார்த்து வாங்குவோருக்குப் பொருளின் பெயர் இரண்டாம் நிலையிலேயே நிற்கிறது. இணையத்தில் நிலை மாறுகிறது. வாங்குவோர் முதலில் ஒரு சொல்லை எழுதுகிறார். அச்சொல்லுக்கு உரிய பக்கம் கிடைத்த பின்னரே பொருளைக் காண்கிறார். எனவே விற்போர் வழங்கும் சொல்லும் வாங்குவோர் எழுதும் சொல்லும் ஒன்றாக இல்லாவிடில், பொருள் எத்துணைத் தரமுடையதாயினும் கண்ணிற் படாமலே போகும். இரு மொழிகள் கலந்து வழங்கும் எல்லைப்புறத்தில் இவ்விடர் மிகுதியாகும். இணைய வணிகத்திற்குச் சொற்களைத் தேர்ந்தெடுத்தல் மொழியியல் சார்ந்த பணி என்பதை இவ்வெல்லைப்புறப் பெயர்களின் வழியே விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1.1 கலைச்சொல் விளக்கம்

இத்துறையில் திறவுச்சொல், குறிச்சொல், தேடுசொல் ஆகியவை வேறுபாடின்றி வழங்கப்படுகின்றன. இக்கட்டுரையில், தேடுவோர் தேடுபொறியில் எழுதும் சொல் அல்லது சொற்றொடர் தேடுசொல் எனப்படும். விற்போர் தம் பக்கத்தின் தலைப்பிலும் உரையிலும் அமைத்தற்பொருட்டுத் தேர்ந்துகொள்ளும் சொல் திறவுச்சொல் எனப்படும். முன்னது வழக்கு, பின்னது அவ்வழக்கைப் பற்றிய கணிப்பு. இவை இரண்டும் பொருந்துமாறு செய்வதே தேர்வுப் பணியாகும்.

2.0 தேடுபொறியின் செயற்பாடு

தேடுபொறியின் அடிப்படை ஒரு சொல்லடைவாகும். நூலின் இறுதியில் அமையும் சொல்லடைவு, இன்ன சொல் இன்ன பக்கத்தில் உளது எனக் காட்டுவதுபோல், தேடுபொறியும் தான் படித்த பக்கங்களிலுள்ள சொற்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது வரும் பக்கங்களைக் குறித்து வைக்கிறது. தேடுசொல் எழுதப்பட்டதும் அப்பட்டியலை நோக்கிப் பொருந்தும் பக்கங்களைத் திரட்டி, வரிசைப்படுத்திக் காட்டுகிறது.

சொற்கள் யாவும் ஒரே மதிப்புடையன அல்ல. மிகப் பல ஆவணங்களில் வரும் சொல் ஓர் ஆவணத்தைப் பிறவற்றிலிருந்து பிரித்துக்காட்ட உதவாது. சிலவற்றில் மட்டும் வரும் சொல் நன்கு பிரித்துக் காட்டும். இக்கருத்தைக் காரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் அளவை முறையில் நிறுவினார். ‘அரிசி’ என்னும் சொல்லைவிடப் ‘பாலக்காட்டு அரிசி’ என்னும் தொடர் ஏன் பயன் மிக்கது என்பதற்கு இதுவே விளக்கம். ‘அரிசி’ என எழுதுவோர் விலை அறிய விரும்புபவராகவோ, சமையற் குறிப்பு நாடுபவராகவோ, பொது வழங்கல் கடையின் செய்தி தேடுபவராகவோ இருக்கலாம். பின்னைய தொடரை எழுதுவோர் சிலரே. ஆயினும் அவர்களுள் வாங்கும் எண்ணமுடையோர் விகிதம் மிகுதி.

தொடக்கக் காலத்தில் இணையப் பக்கத்தின் தலைப்பகுதியில், பார்வையாளர் கண்ணுக்குப் புலப்படாதவாறு, திறவுச்சொற்களின் பட்டியல் ஒன்றை அமைப்பது வழக்கமாயிருந்தது. தொடர்பற்ற சொற்களையும் அதில் நிரப்பித் தம் பக்கத்தை முன்னிறுத்த முயன்றோர் பலர். அப்பட்டியலை வரிசைப்படுத்தலுக்குத் தான் பயன்படுத்துவதில்லை எனக் கூகுள் நிறுவனம் 2009-இல் வெளிப்படையாக அறிவித்தது. பக்கத்தின் தலைப்பு, உள்தலைப்புகள், உரை, படத்தின் விளக்கம் ஆகியவற்றில் இயல்பாக அமையும் சொற்களே இன்று கருதத்தக்கவை.

2019 முதல் கூகுள் தேடுபொறி, சொல்லைத் தனித்துக் கொள்ளாமல் அதன் சூழலோடு பொருள்கொள்ளும் மொழி மாதிரிகளையும் பயன்படுத்துகிறது. எழுத்துப்பிழையையும் ஒருபொருட் சொற்களையும் ஓரளவு இணைத்தறியும் ஆற்றல் இதனால் வளர்ந்துள்ளது. எனினும் இவ்வாற்றல், மிகுதியான உரைத்தொகுதி உடைய மொழிகளிலும் பொதுவழக்குச் சொற்களிலும் காணப்படும் அளவிற்கு வட்டாரச் சொற்களில் எதிர்பார்க்கத்தக்கதன்று. மேலும், சிறு வணிகர் நடத்தும் இணையக் கடைகளுள் உள்ளமைந்த தேடற்பெட்டிகள் பெரும்பாலும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் முறையிலேயே இயங்குகின்றன. ஆகவே சொல் தேர்வின் இன்றியமையாமை குறையவில்லை.

3.0 தேடுவோர் நோக்கமும் சொல்லமைப்பும்

ஆண்ட்ரே பிராடர் 2002-இல் இணையத் தேடல்களை நோக்கத்தின் அடிப்படையில் மூன்றாகப் பகுத்தார். குறிப்பிட்ட ஓர் இணையதளத்தை அடைய விரும்பும் தேடல் ஒன்று. ஒரு செய்தியை அறிய விரும்பும் தேடல் மற்றொன்று. வாங்குதல், பதிவிறக்குதல் போன்ற செயலை நாடும் தேடல் மூன்றாவது. தமிழில் இந்நோக்கங்கள் பெயரோடு சேரும் துணைச்சொற்களால் புலப்படுகின்றன. ‘ஏலக்காய் பயன்கள்’, ‘ஏலக்காய் சாகுபடி’ என்பன அறிதல் நோக்கின. ‘ஏலக்காய் இன்றைய விலை’ என்பது பெரும்பாலும் விளைவிப்போர், வணிகர் ஆகியோரின் தேடலாகும். ‘ஏலக்காய் 100 கிராம் விலை’ என்பதில் நிறுத்தலளவு சிறிதாகையால் வீட்டுத் தேவைக்கு வாங்குவோர் நோக்கம் வெளிப்படுகிறது.

இத்தொடர்களில் வேற்றுமை உருபுகள் இல்லாமை கருதத்தக்கது. தேடுசொல் வாக்கியமன்று, பெயர்களின் அடுக்கு. ‘இன்றைய ஏலக்காய் விலை’ என்னும் தமிழ் மரபுக்கியைந்த வரிசையும், ‘ஏலக்காய் விலை இன்று’ என்னும் வரிசையும் ஒருங்கே வழங்குகின்றன. தேடுவோர் மனத்தில் முதலில் எழும் சொல் முதலிலும், அதனை வரையறுக்கும் சொல் பின்னரும் வருவதே இதற்குக் காரணம் எனலாம்.

4.0 எல்லைப்புறப் பெயர்களும் பொருள் மயக்கமும்

4.1 சர்க்கரையும் வெல்லமும்

இடுக்கி மாவட்டத்தின் மறையூர், மழைமறைவுப் பகுதியில் அமைந்த ஊர். இங்குக் கரும்புச் சாற்றைக் கொப்பரையிற் காய்ச்சி உருண்டையாகப் பிடிக்கும் வெல்லம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பிற இடங்களில் செய்யப்படும் வெல்லம் மறையூரின் பெயரில் விற்கப்படுகிறது என்னும் முறையீடு நெடுநாளாக நிலவிய நிலையில், இப்பதிவு அவ்வூரின் உற்பத்தியாளர்க்குப் பெயருரிமையை அளித்தது. மலையாளத்தில் இதன் பெயர் ‘மறயூர் சர்க்கர’ என்பதாகும்.

மலையாளத்தில் ‘சர்க்கர’ வெல்லத்தையும் ‘பஞ்சசார’ வெண்சர்க்கரையையும் குறிக்கின்றன. தமிழ்ச் சொல்லின் இறுதி ஐகாரம் மலையாளத்தில் அகரமாக நிற்றல் மலை–மல, தலை–தல என்பவற்றிற்போல் பொதுவிதியாகையால், ‘சர்க்கர’ என்பதைச் ‘சர்க்கரை’ எனத் தமிழாக்குவது ஒலி நிலையில் முற்றிலும் முறையானதாகவே தோன்றும். பொருள் நிலையில் அது பிழையாகிறது. இன்றைய தமிழகப் பொதுவழக்கில் ‘சர்க்கரை’ என்பது ஆலையில் செய்த வெண்சர்க்கரை. தென்மாவட்டங்களில் அது ‘சீனி’. வெல்லம் என்னும் பழம்பொருள் ‘சர்க்கரைப் பொங்கல்’ என்னும் தொடரில் எஞ்சி நிற்கிறது. ‘நாட்டுச்சர்க்கரை’ என அடைகொடுத்தால் தூள் வடிவம் பெறப்படும், உருண்டை பெறப்படாது. இவற்றிற்கும் மேலாகச் ‘சர்க்கரை’ என்னும் தனிச்சொல் இன்று நீரிழிவு நோயையும் குறிக்கிறது. ஆகவே அத்தனிச்சொல்லைத் திறவுச்சொல்லாகக் கொண்ட வணிகப் பக்கம் மருத்துவக் கட்டுரைகளோடு போட்டியிட நேரும்.

இதற்கு மாறாக ‘வெல்லம்’ என்பதைத் தேர்ந்தால் வேறோர் இடர் எழுகிறது. தமிழெழுத்தில் ‘வெல்லம்’, ‘வெள்ளம்’ இரண்டும் தெளிவாக வேறுபடுகின்றன. தமிழை உரோமன் எழுத்தில் எழுதித் தேடுவோர் மிகப் பலர். அவ்வெழுத்தில் லகர ளகர வேறுபாடு மறைந்துவிடுகிறது. அப்போது தமிழ் வெல்லமும், தமிழில் பெருக்கையும் மலையாளத்தில் நீரையும் குறிக்கும் வெள்ளமும், 2021-இல் வெளிவந்த ‘வெள்ளம்’ என்னும் மலையாளத் திரைப்படமும் ஒரே எழுத்துக்கோவைக்குள் அடங்குகின்றன.

இவ்விரு இடர்களையும் நோக்க, ஊர்ப்பெயரும் வடிவப்பெயரும் இணைந்த ‘மறையூர் உருண்டை வெல்லம்’ என்னும் தொடரே தமிழ்ப் பக்கத்தின் தலைமைத் திறவுச்சொல்லாதற்கு உரியது. ‘மறையூர் சர்க்கர என மலையாளத்தில் வழங்கும் வெல்லம்’ என உரையில் ஒருமுறை விளக்கினால், மலையாளப் பெயரை அறிந்தோரும் அப்பக்கத்தை அடைவர்.

4.2 இரண்டு ஏலங்கள்

ஏலக்காய் வணிகத்தில் மற்றொரு வகை மயக்கம் காணப்படுகிறது. நறுமணப்பொருள் வாரியத்தின் நெறிப்படுத்தலில் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலும் ஏலக்காய் மின்னணு முறையில் ஏலம் விடப்படுகிறது. இவ்வாக்கியத்திலேயே மயக்கத்தின் தோற்றுவாய் உள்ளது. ‘ஏலம்’ என்பது நறுமணப்பொருளைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். போட்டி விலையில் விற்றலைக் குறிக்கும் ‘ஏலம்’ போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்த சொல். மூலமொழிச் சொல்லின் முதலிலுள்ள லகர மெய் தமிழில் கெட்டது. லகரம் மொழிமுதலாகாது என்னும் தமிழ் மரபுக்கு இது இயைந்ததே. மலையாளம் அம்மெய்யைக் காத்து ‘லேலம்’ என வழங்குகிறது. ஆகவே மலையாளத்தில் ‘ஏலம்’, ‘லேலம்’ என வேறுபடும் இரு சொற்கள் தமிழில் வடிவொத்த ஒரு சொல்லாயின.

பேச்சிலும் அச்சிலும் சூழல் இம்மயக்கத்தைத் தீர்த்துவிடும். தேடற்பெட்டியில் சூழல் இல்லை. ‘ஏலம் விலை’ எனத் தேடுவோர்க்கு நகை ஏலம், நில ஏலம், கிரிக்கெட் வீரர்களின் ஏலம் ஆகியவை பற்றிய செய்திகள் குறுக்கிடும். எனவே தோட்டக்காரர் வழக்கில் ‘ஏலம்’, ‘ஏலத்தோட்டம்’, ‘ஏலமலை’ என்னும் வடிவங்கள் இயல்பாக இருப்பினும், விற்பனைப் பக்கத்தில் ‘ஏலக்காய்’ என்னும் முழுவடிவமே வேண்டப்படுகிறது.

தரப்பெயர்களை மொழிபெயர்ப்பதிலும் எச்சரிக்கை தேவை. ஆலப்புழைப் பச்சை ஏலக்காய் என்னும் வணிகப்பெயருடைய சரக்கு, காயின் பருமனைக் கொண்டு தரம் பிரிக்கப்படுகிறது. பருமன் மிக்க தரத்தைப் ‘பெரிய ஏலக்காய்’ என மொழிபெயர்ப்பின் அது வேறொரு செடியைக் குறிக்கும். சிக்கிம் முதலிய பகுதிகளில் விளைவதும் அமோமம் சுபுலேட்டம் எனத் தாவரவியலார் வழங்கியதுமான கரிய காய்க்குப் பெரிய ஏலக்காய் என்பதே பெயர். இடுக்கியில் விளைவது எலெட்டாரியா கார்டமோமம். ஆதலின் ‘8 மில்லிமீட்டர் பச்சை ஏலக்காய்’ என அளவைச் சுட்டுதலே தக்கது.

4.3 மிளகும் முளகும்

பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக மிளகாய் தென்னிந்தியாவை அடைந்தபோது, அதற்குப் பெயரிட இரு மொழிகளும் மிளகின் பெயரையே நாடின. ஆனால் வழிகள் வேறுபட்டன. தமிழ் பழம்பொருளின் பெயரை மாற்றாது காத்து, புதியதை ‘மிளகாய்’ எனப் பிரித்தறிந்தது. மலையாளம் பழம்பெயராகிய ‘முளகு’ என்பதைப் புதுப்பொருளுக்கு ஆக்கி, பழம்பொருளை அடைகொடுத்துக் ‘குருமுளகு’, ‘நல்லமுளகு’ என வழங்கலாயிற்று. கன்னியாகுமரி வட்டாரத் தமிழில் வழங்கும் ‘நல்லமிளகு’ என்பதும் இத்தகையதே.

இதன் விளைவாக, மலையாளத்தில் ‘முளகுபொடி’ என எழுதப்பட்ட பண்டத்தை ‘மிளகுப்பொடி’ எனத் தமிழாக்கினால், மிளகாய்த்தூள் கருமிளகுத் தூளின் பெயரில் விற்பனைக்கு வரும். விலையாலும் பயனாலும் இவை வேறானவை. வாங்கியவர் திருப்பியனுப்புவது உறுதி. ‘மிளகாய்ப்பொடி’ என மாற்றினும் முழுத்தெளிவு உண்டாவதில்லை. தமிழகத்தின் பல குடும்பங்களில் அது இட்டிலிக்குத் தொட்டுக்கொள்ளும் பொடியைக் குறிக்கும். ‘மிளகாய்த்தூள்’ என்பதே மயக்கம் குறைந்த வடிவம்.

4.4 மட்டமும் கொண்டாட்டமும்

பாலக்காடன் மட்ட அரிசி 2007–08 நிதியாண்டில் புவிசார் குறியீடு பெற்றது. தவிட்டின் செந்நிறம் ஓரளவு எஞ்சியுள்ள பருமனான புழுங்கலரிசி இது. மலையாளத்தில் ‘மட்ட’ என்பது ஓர் அரிசி வகையின் பெயர். இழிவுக் குறிப்பு அதில் இல்லை. தமிழில் ‘மட்டம்’ என்பது தாழ்ந்த தரத்தையும் குறிப்பதால், ‘மட்ட அரிசி’ என்னும் தொடர் தரக்குறைவான அரிசி எனப் பொருள்படுகிறது. இதனைத் தவிர்க்க ‘மட்டா’ என நெடிலாக்கியோ ‘மட்டை’ என ஐகாரமாக்கியோ எழுதும் வழக்கம் உள்ளது. இவ்வாறு வடிவம் பல்குவதால் தேடுசொற்கள் சிதறுகின்றன. பொருளை அறியாத வாங்குவோர் பெரும்பாலும் ‘கேரளா சிவப்பு அரிசி’ என்றே எழுதுவர். எனவே ‘பாலக்காட்டு மட்டா சிவப்பு அரிசி’ எனப் பதிவுப்பெயரின் கூறும் வண்ணனைக் கூறும் ஒருங்கே அமைத்தல் பொருத்தமாகும். ‘அரிசி’ என முழுமையாக எழுதுவதும் இன்றியமையாதது. மலையாள வடிவமாகிய ‘அரி’ தமிழில் திருமால், சிங்கம் எனப் பல பொருள் தரும்.

பாலக்காட்டு வீட்டுத் தயாரிப்புகளுள் ‘கொண்டாட்டம்’ குறிப்பிடத்தக்கது. மிளகாய், பாகல், வெண்டை முதலியவற்றை மோரும் உப்பும் சேர்த்து உலர்த்தி எண்ணெயில் பொரிக்கும் உணவு இது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பங்களிலும் இச்சொல் வழங்குகிறது. தமிழகத்தில் இச்சொல்லின் பொருள் விழா, களிப்பு என்பதே. ‘கொண்டாட்டம்’ எனத் தேடித் தமிழகத்தார் எவரும் வற்றலை எதிர்பார்ப்பதில்லை. வற்றல் தேடுவோர் எவரும் கொண்டாட்டம் என எழுதுவதும் இல்லை. ‘மோர்மிளகாய்’, ‘பாகற்காய் வற்றல்’ என்பனவே உரிய திறவுச்சொற்கள். ஆயினும் பாலக்காட்டிலிருந்து மும்பை, சென்னை போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்தோர் தம் வீட்டுச் சொல்லால் தேடுவர். அவர்களுக்கு ‘பாலக்காட்டுக் கொண்டாட்டம்’ என்பதே அறிமுகமான பெயர். ஒரே பொருளுக்கு இரு வேறு வாடிக்கையாளர் கூட்டமும், இரு வேறு திறவுச்சொற்களும் உளவாதலை இங்குக் காணலாம்.

4.5 பூண்டும் இடப்பெயரும்

காந்தல்லூர்–வட்டவடைப் பகுதியின் பூண்டு 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது. பதிவுப்பெயரில் உள்ள பொருட்பெயர் ‘வெளுத்துள்ளி’ என்னும் மலையாளச் சொல். தமிழகப் பொதுவழக்கு ‘பூண்டு’, ‘வெள்ளைப்பூண்டு’ என்பன. ‘உள்ளி’ என்னும் தனிச்சொல்லோ மலையாளத்திலும் தென்மாவட்டத் தமிழிலும் வெங்காயத்தையும், ஈழத்தமிழில் பூண்டையும் சுட்டுகிறது. அயல்நாடுகளில் வாழும் ஈழத்தமிழரை நோக்கி விற்போர் இச்சொல்லைச் சேர்ப்பதும், தென்தமிழகத்தாரை நோக்கி விற்போர் தவிர்ப்பதும் முறையாகும்.

அண்டையிலுள்ள கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றுப் பரவலாக அறியப்பட்டிருப்பதால், ‘மலைப்பூண்டு’ என்னும் தேடுசொல் வழக்கில் வலுப்பெற்றுள்ளது. வட்டவடைப் பூண்டும் மலையில் விளைவதே. அதனை ‘மலையில் விளைந்த பூண்டு’ என வண்ணித்தல் உண்மைக்கு மாறன்று. ஆனால் தேடுவோரைக் கவரும் பொருட்டுக் ‘கொடைக்கானல்’ என்னும் பெயரையும் சேர்த்தெழுதினால் அது பிறர் பெயரைக் கவர்தலாகும். மறையூரின் பெயரைப் பிறர் வழங்குவதை எவ்வாறு குறைகூறுகிறோமோ, அவ்வாறே இதனையும் கொள்ள வேண்டும். பொதுச்சொற்களால் ஆன வணிகப்பெயரைப் போட்டியாளர் விளம்பரத் திறவுச்சொல்லாகப் பயன்படுத்தலாமா என்னும் வினாவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2010-இல், திருமணத் தகவல் நிறுவனம் ஒன்று கூகுள் முதலியோர்மீது தொடுத்த வழக்கில் ஆராய்ந்தது. சொல் தேர்வு சட்டத்தையும் தொடும் என்பதற்கு அவ்வழக்கு சான்று.

இடப்பெயர்களும் தனிக் கவனத்திற்குரியன. காந்தல்லூரைக் ‘காந்தளூர்’ எனத் தமிழ்ப்படுத்தினால், இராசராச சோழனின் மெய்க்கீர்த்தியால் அறியப்பட்ட காந்தளூர்ச்சாலை பற்றிய வரலாற்றுப் பக்கங்கள் எதிர்ப்படும். வட்டவடையை ‘வட்ட வடை’ எனப் பிரித்தெழுதினால் அது தின்பண்டமாகிவிடுகிறது. எனவே ஊர்ப்பெயரைச் சேர்த்தெழுதி, ‘இடுக்கி’ என்னும் மாவட்டப் பெயரோடு இணைப்பது நன்று.

5.0 புணர்ச்சி, உருபு, குறியேற்றம்

மேற்கண்டவை சொற்பொருள் சார்ந்த சிக்கல்கள். தமிழின் அமைப்பால் எழும் சிக்கல்கள் மூன்றனையும் இங்குக் குறிப்பிடலாம்.

முதலாவது புணர்ச்சி. ‘ஏலக்காய்ப் பொடி’ என வல்லினம் மிகுத்து எழுதுவதே இலக்கண முறை. அவ்வாறு எழுதுங்கால் இடைவெளியால் சொற்களைப் பிரிக்கும் பொறிக்கு முதற்சொல் ‘ஏலக்காய்ப்’ என்றே கிடைக்கிறது. ‘ஏலக்காய்’ எனத் தேடியவர்க்கு எழுத்தளவில் அது பொருந்துவதில்லை. தேடுவோர் பெரும்பாலும் ஒற்றை விடுத்தே எழுதுகின்றனர். இதன்பொருட்டு உரையில் ஒற்றைக் கைவிட வேண்டியதில்லை. வல்லெழுத்து வாராத வகையில் தலைப்பை அமைப்பதே தீர்வு. ‘ஏலக்காய் விலை’, ‘ஏலக்காய் வகைகள்’ என்பவற்றில் வருமொழி முதலெழுத்து இடையினமாதலின் மிகுதற்கு இடமில்லை. இலக்கணமும் தேடலும் ஒருங்கே நிறைவுறுகின்றன.

இரண்டாவது உருபேற்றல். ‘ஏலக்காய்’ உருபேற்கும்போது ஏலக்காயை, ஏலக்காயின் என நிற்கும். அடிச்சொல் பெரிதும் மாறுவதில்லை. ‘வெல்லம்’ போன்ற மகர ஈற்றுச் சொற்கள் அத்துச்சாரியை பெற்று வெல்லத்தை, வெல்லத்தின் எனத் திரிகின்றன. உரை முழுவதும் உருபேற்ற வடிவங்களே வருமாயின், எழுவாய் வடிவத்தைத் தேடியவர்க்கு அப்பக்கம் எட்டாமற்போகலாம். தலைப்பிலும் முதற் பத்தியிலும் எழுவாய் வடிவம் ஒருமுறையேனும் வருதல் வேண்டும்.

மூன்றாவது குறியேற்றம். ஒருங்குறியில் ‘கொ’ என்னும் உயிர்மெய்யின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும், ஒற்றைக்கொம்பும் காலுமாகிய இரு குறிகளாகவும் பதிய இயலும். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். இவை சமமானவை என ஒருங்குறி வரையறுப்பினும், அச்சமன்பாட்டைச் செயற்படுத்தாத தேடற்பெட்டியில் ‘கொண்டாட்டம்’ என்னும் சொல் இரு வேறு சொற்களாகிவிடும். ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் தட்டுவதும் இத்தகையதே. அது சமன்பாட்டிற்கும் அடங்காத எழுத்துப்பிழை. பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சிட்டவற்றை ஒருங்குறிக்கு மாற்றும்போது இவற்றைச் சரிபார்த்தல் மொழிபெயர்ப்பாளர் பணிகளுள் ஒன்றாகக் கொள்ளத்தக்கது.

6.0 தேர்வு நெறி

மேற்கூறியவற்றிலிருந்து, எல்லைப்புற விளைபொருளுக்குத் தமிழ்த் திறவுச்சொற்களைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பின்வருமாறு வகுக்கலாம்.

அ. சொற்றிரட்டு: வாங்குவோர் தொலைபேசியிலும் கட்செவிச் செய்தியிலும் பொருளை எப்பெயரால் கேட்கின்றனர் என்பதை அவர்தம் சொல்லிலேயே குறித்துக்கொள்ளுதல். விற்போரின் சொல் இக்கட்டத்தில் கருதப்படுவதில்லை. கேட்டவரின் ஊரையும் குறித்துக்கொண்டால் வட்டார வேறுபாடு தானே புலப்படும்.

ஆ. மயக்கச் சோதனை: திரட்டிய ஒவ்வொரு சொல்லையும் தேடுபொறியில் எழுதி, முதலில் வரும் முடிவுகள் அதே பொருளைப் பற்றியனவா எனக் காணுதல். ‘சர்க்கரை’ எழுதி மருத்துவக் குறிப்பு வந்தால் அச்சொல் தனித்து நிற்கத் தகாதது. இச்சோதனையை உரோமன் எழுத்து வடிவிலும் செய்தல் வேண்டும்.

இ. அளவிடல்: தேடல் எண்ணிக்கையைக் காட்டும் கருவிகளைத் துணைக்கொள்ளுதல். குறைவாக வழங்கும் சொற்களுக்கு இக்கருவிகள் விவரம் தராதுவிடுதல் உண்டு. விவரமின்மையை வழக்கின்மை எனக் கொள்வது தவறாகும். ‘கொண்டாட்டம்’ தேடும் சிலரே நிலையான வாடிக்கையாளராக இருத்தல் கூடும்.

ஈ. அடைசேர்த்தல்: மயக்கமுடைய சொல்லுக்கு ஊர், வடிவம், நிறம், அளவு ஆகியவற்றுள் பொருளை வரையறுக்கப் போதுமான ஒன்றிரண்டைச் சேர்த்தல். அடை மிகுந்தால் எவரும் எழுதாத தொடராகிவிடும்.

உ. பங்கீடு: தலைப்பில் பொதுவழக்குச் சொல்லையும், உரையில் பதிவுப்பெயரையும் வட்டாரப் பெயரையும் விளக்கத்தோடு அமைத்தல். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப நிரப்புதல் படிப்போர்க்கு வெறுப்பையும், தேடுபொறிக்கு ஐயத்தையும் விளைக்கும்.

ஊ. மறுநோக்கு: எச்சொற்களால் பக்கம் காணப்பட்டது என்பதைத் தேடுபொறி நிறுவனங்கள் தள உரிமையாளர்க்கு அறிவிக்கின்றன. அப்பட்டியலைக் காலந்தோறும் கண்டு, கணிப்பை வழக்கோடு ஒத்திட்டுத் திருத்துதல்.

7.0 முடிவுரை

ஒரு பொருள் குறித்த பல சொல், பல பொருள் குறித்த ஒரு சொல், திசைச்சொல் ஆகியவை தமிழிலக்கணத்தார் நெடுங்காலத்திற்கு முன்பே வகுத்துணர்ந்த பொருண்மைகளாகும். இணைய வணிகம் அவற்றிற்குப் புதியதொரு களத்தை அளித்துள்ளது. பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறத்தில் மலையாளமும் தமிழும் ஒலியால் மிக நெருங்கியிருப்பதே மொழிபெயர்ப்பாளரை ஏமாற்றுகிறது. சர்க்கர–சர்க்கரை, முளகு–மிளகு, கொண்டாட்டம்–கொண்டாட்டம் ஆகிய இணைகளில் ஒலி ஒற்றுமை முழுமையாகவோ பெரும்பான்மையாகவோ உள்ளது. பொருள் ஒற்றுமை இல்லை. எழுத்துப்பெயர்ப்பு இங்கு மொழிபெயர்ப்பாகாது.

இதன் விளைவு மொழியோடு நிற்பதன்று. புவிசார் குறியீடு ஒரு பெயருக்குச் சட்டக் காப்பு அளிக்கிறது. அப்பெயரைத் தமிழில் தேடுவோர் அறியாராயின் அக்காப்பினால் விளைவிப்போர்க்குக் கிட்டும் பயன் குறைவே. மறையூரிலும் வட்டவடையிலும் உழைப்போரின் பொருள் உரியவரைச் சென்றடைவதற்குப் பதிவுப்பெயரும் வாங்குவோர் வழக்கும் ஒரு பக்கத்திலேயே அருகருகே அமைதல் வேண்டும். எல்லைப்புற வட்டாரங்களின் விளைபொருட் பெயர்களை, அவை வழங்கும் ஊர், பொருள், மயங்கும் சொல் ஆகியவற்றோடு திரட்டி அகராதியாக்கும் பணியை மொழியியலாளர் மேற்கொள்வராயின், மொழிபெயர்ப்பாளர்க்கும் விளைவிப்போர்க்கும் அது ஒருங்கே பயன்படும்.